மருதாயி என்று யாரும் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் பழப்பையோடு என் வீட்டுக்கு வந்தீர்களே, அந்தச் சந்தோஷம் இன்னும் எனக்குத் தீரவில்லை. வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிற பொம்பளையைத் தேடிக்கொண்டு, அவள் வேலை பார்த்த இடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வருவது எங்கே நடக்கிறது? ஆப்பிளைக் கடிக்க எனக்குப் பல் இல்லை. பேத்தி அரைத்துக் கொடுத்தாள். பாதியை அவளே குடித்துவிட்டாள்.

வந்த இடத்தில் உங்களில் சுருட்டை முடிக்காரி ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் பாட்டிம்மா, மத்த எம்ப்ராய்டரி யூனிட்ல எல்லாம் அந்தப் பெரிய சாஃப்ட்வேர் வச்சிருக்காங்க. பட்டனை அமுக்குனா டிசைன் வந்து நிக்குது. நம்ம பாய் மட்டும் ஏன் இந்த இலவசத்தை வச்சுக்கிட்டு நம்ம உயிரை எடுக்குறாரு? பஜார்ல ஒருத்தர் கிராக் போட்டுத் தர்றேங்கறாரு, அஞ்சு நிமிஷ வேலையாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் உங்களுக்கு பஸ் வந்துவிட்டது. ஆனால் கிராக் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஆகியும் அது போகவில்லை. அதனால் ஷாஹிதாவை வரச் சொன்னேன். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் நன்றாக இருக்காது என்று புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். நடுநடுவே "உங்க ஊரு வையம்பட்டிக் கதைக்குப் போகாதீங்கம்மா, விஷயத்துக்கு வாங்க" என்று அதட்டவும் செய்கிறாள். பாயின் மருமகள் இல்லையா, அதட்ட உரிமை இருக்கிறது.

நான் அரியமங்கலத்து யூனிட்டில் நூல் வெட்டத்தான் சேர்ந்தேன். மிஷினிலிருந்து வரும் துணியில் பூவுக்குப் பூ தொங்கிக்கொண்டிருக்கும் நூலைக் கத்திரியால் நறுக்க வேண்டும். அப்போது டிசைன் போட ஒரு ஆள் இருந்தார். படித்தவர். அவர் போடும் இலை எல்லாம் செத்த இலையாக இருக்கும். ஒருநாள் முதலாளி காதர் பாயிடம் சொல்லிவிட்டேன். "பாய், இலைக்கு நரம்பு சாய்ஞ்சு ஓடும். இவரு தையலைப் படுக்க வச்சு ஓட்டுறாரு. துணி சுருங்காம என்ன செய்யும்?" பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்க வந்து போடுங்க" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். நான் போய் உட்கார்ந்துவிட்டேன்.

எழுத்துத் தெரியாதவள் கம்ப்யூட்டரில் எப்படி என்று நீங்களும் கேட்பீர்கள், எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அந்த வேலைக்கு எழுத்து எதற்கு? மேல் வரிசையில் சின்னச் சின்னப் படங்கள். மூன்றாவது படம் ஊசி, அதை அமுக்கினால் கோடு. அதற்குப் பக்கத்தில் வாளி, அமுக்கினால் நிறைத்துக்கொள்ளும். வீட்டில் உப்பு டப்பா எது சர்க்கரை டப்பா எது என்று எழுதியா வைத்திருக்கிறோம்? அப்படித்தான் கற்றுக்கொண்டேன். ஒரு மாசத்தில் அந்தப் படித்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் துரத்தவில்லை. அவராகத்தான் போனார்.

பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதென்று பாய் புதிது வாங்கினார். சாஃப்ட்வேரை ஏற்ற ஒரு ஆள் பென் டிரைவோடு வந்தார். கிராக் போட்ட, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த சாஃப்ட்வேர்தான். விலை கொடுத்து வாங்குவதென்றால் ஒரு மிஷினையே வாங்கிவிடலாம் என்று அப்போது எல்லா யூனிட்டிலும் அதைத்தான் வைத்திருந்தார்கள். ஏற்றும்போது அது பேர் விலாசம் கேட்டு ஏதோ ஒரு பாரத்தை நீட்டியது. வந்த ஆள் "யார் பேரு போடட்டும் பாய்?" என்று கேட்டார். பாய்க்கு அன்றைக்கு நல்ல மனசு. "அம்மா பேரைப் போடுப்பா. அவங்கதானே உக்காரப் போறாங்க. டிசைனர் மருதாயின்னு போடு." யூனிட் விலாசத்தையும் சேர்த்து அடித்துவிட்டுப் போனார் அவர்.

அதிலிருந்து தினம் காலையில் அதைத் திறந்தால் முதலில் என் பேர் வரும். இங்கிலீஷில். எனக்கு அது எழுத்து இல்லை, ஒரு உருவம். முதலில் இரண்டு மலை, கடைசியில் ஒற்றைக் குச்சி. அதைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பேன். பதினோரு வருஷம் அப்படிப் பார்த்தேன்.

ஒருநாள் மத்தியானம் தபால்காரர் வந்தார். பாய் நூல் வாங்க மதுரைக்குப் போயிருந்தார். தபால்காரர் கையிலிருந்த உறையில் கண்ணாடி மாதிரி ஒரு ஜன்னல், அதற்குள் அதே உருவம். இரண்டு மலை, ஒற்றைக் குச்சி. "இது எனக்கு" என்றேன். "மருதாயி நீங்களா?" என்றார். கைநாட்டு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

என் ஆயுசுக்கும் எனக்கென்று வந்த முதல் கடிதம் அதுதான். ரேஷன் கடையிலிருந்துகூட வீட்டுக்காரர் பேருக்குத்தான் வரும். வழவழவென்று வெள்ளை உறை, ஓரத்தில் நீலத்தில் ஒரு முத்திரை. சாஃப்ட்வேர் திறக்கும்போது வருமே, அதே முத்திரை. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பதினோரு வருஷமாக நன்றாக டிசைன் போட்டதற்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் பாராட்டி எழுதியிருக்கிறார்கள்.

சிரிக்காதீர்கள். ஷாஹிதா சிரிக்கிறாள்.

உறையைக் கிழிக்க மனசு வரவில்லை. சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு மேலே வைத்து இரண்டு நாள் கொண்டு திரிந்தேன். பக்கத்து வீட்டில் காட்டினேன். டீக்கடையில் காட்டினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம்கூடக் காட்டினேன். "கம்பெனில இருந்து வந்திருக்கு. என் பேருக்கு." அந்த அம்மா உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெரிய இடம் போலருக்கு" என்றாள்.

மூன்றாம் நாள் ஸ்ரீரங்கத்துக்கு பேட்ஜ் சாம்பிள் கொண்டுபோக வேண்டியிருந்தது. தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் யூனிபார்ம் கடை வைத்திருந்த ரங்கராஜன் சார் நமக்கு வாடிக்கை. பள்ளிக்கூடச் சட்டைப் பையில் தைக்கிற பேட்ஜ் முழுக்க நம்மிடம்தான் கொடுப்பார். வாத்தியாராக இருந்தவர், இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். என்னை ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. இதைப் பிரிக்கத் தகுந்த ஆள் அவர்தான் என்று அவருக்காகவே வைத்திருந்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரித்தார். முதல் பக்கத்தைப் படித்தார். திருப்பினார். மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்தார்.

"அம்மா, செத்த உக்காருங்கோ" என்றார்.

"இருக்கட்டும் சார், நின்னுக்கிறேன். என்ன போட்டிருக்காங்க? நல்லபடியாத்தானே?"

"உக்காருங்கோ சொல்றேன்." கடைப்பெண்ணிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் வந்ததும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. நல்ல சேதிக்கு யாரும் முதலில் தண்ணீர் கொடுப்பதில்லை.

"இது வக்கீல் நோட்டீஸ். நீங்க உபயோகப்படுத்தற சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் இல்லைன்னு அவா கண்டுபிடிச்சுட்டா. கம்ப்யூட்டர் நெட்ல இருக்கோன்னோ, அது வழியா அவாளுக்குத் தகவல் போயிருக்கு. சோதிச்சுப் பாக்க ஆடிட்டுக்கு வருவாளாம். சட்டப்படி நடவடிக்கை எடுப்போம்னு எழுதியிருக்கா."

"யாரு மேல சார்?"

அவர் கடிதத்தை மடித்தார். "உங்க பேருதான் போட்டிருக்கு" என்றார். அதை என்னிடம் நீட்டி, "பெருமாள் இருக்கார். மொதல்ல காதர் பாய்கிட்ட கொண்டுபோய்க் குடுங்கோ. வழியில யாருக்கும் காட்டாதேங்கோ" என்றார்.

வழியில் காட்டாதே என்கிறார். நான்தான் ஊருக்கே காட்டிவிட்டேனே.

திரும்பி வரும் பஸ்ஸில் காவிரிப் பாலத்தில் கூட்டம் எழுந்து தண்ணீர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தது. நான் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேத்தி அப்போது பேங்க் பரீட்சை எழுதி நேர்முகத்துக்குக் காத்திருந்தாள். பாட்டி மேல் போலீஸ் கேஸ் என்றால் அவளுக்கு வேலை கொடுப்பார்களா? அறுபது வயசுக்கு மேல் ஜெயிலில் பொம்பளைகளுக்குப் பாய் கொடுப்பார்களா, கட்டில் கொடுப்பார்களா? அப்படியெல்லாம் ஓடியது. எனக்கு முழங்கால் வலி, தரையில் படுத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

பாய் கடிதத்தை வாங்கி ஷாஹிதாவைப் படிக்கச் சொன்னார். கேட்டு முடித்ததும், "நான் சொன்னதுதான். உங்க பேரைப் போடச் சொன்னது நான்தான்" என்று மட்டும் சொன்னார். அவர் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் சென்னையிலிருந்து அந்தக் கம்பெனியின் போனும் வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் வருகிறார்களாம்.

இங்கேதான் ஜமால் உள்ளே வருகிறார். பாயின் மச்சான். நிலத் தகராறு ஒன்றுக்காக ஒரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர். அதிலிருந்து தன்னைப் பாதி வக்கீல் என்று நினைப்பு. அத்தர் வாசனை முதலில் வரும், பின்னால் அவர் வருவார்.

"மச்சான், ரெண்டு வேலை செய்யணும்" என்றார் பாயிடம். "ஒண்ணு, அந்த சாஃப்ட்வேரைத் தடம் தெரியாமத் தொடச்சு எடுத்துட்டு, இலவசமாக் கெடைக்குதே, ஓப்பன் சோர்ஸு, அதைப் போடு. எல்லாப் பயலும் இப்ப அதுக்குத்தான் ஓடுறான். அதுக்கு லைசென்ஸும் கெடையாது, ஆடிட்டும் கெடையாது. ரெண்டு, மருதாயின்னு ஒரு டிசைனரே இங்க இல்ல. கம்ப்யூட்டர் போட்டவன் ஏதோ ஒரு பேரை அடிச்சுட்டுப் போயிட்டான், அவ்வளவுதான்."

"ஆளு இங்கதானே நிக்குது" என்றேன்.

"நீங்க நூல் வெட்டுறவங்க. கைநாட்டு. கைநாட்டுப் போடுற பொம்பளை கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டாங்கன்னு எந்த கோர்ட்டும் நம்பாது. உங்களுக்கு அதுதாம்மா பாதுகாப்பு. இன்னிலேருந்து அந்த சிஸ்டம் பக்கம் வராதீங்க. ஷாஹிதா உக்காரட்டும்."

பாய் தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்களுக்காகத்தாம்மா" என்றார்.

நான் சரி என்றேன். பயம்தான், வேறென்ன. யாராவது எதிர்த்துப் பேசச் சொல்லிக் கெஞ்சியிருந்தாலும் அன்றைக்கு நான் பேசியிருக்க மாட்டேன். ஆனால் சரி என்ற அந்த ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சாயங்காலம்தான் உறைத்தது. ஆடிட் முடிந்து அவர்கள் போனாலும் மறுபடி வரலாம். மறுபடி வரலாம் என்கிற வரைக்கும் நான் நூல் வெட்டுகிறவள்தான். இனி எந்த இலையும் என் கையால் வராது.

மறுநாள் ஷாஹிதா பழையதை அழித்தாள். அதோடு பதினோரு வருஷ டிசைனும் போயிற்று. போயிற்று என்றால், மிஷினில் ஓட்டுகிற கோப்புகள் பென் டிரைவில் இருந்தன. அவற்றை அப்படியே ஓட்டலாம், ஒரு நூல் அளவுகூட மாற்ற முடியாது. பெரிதாக்கினால் தையலுக்குத் தையல் இடைவெளி விழும். மாற்றக்கூடிய மூலம் எல்லாம் அந்தப் பழைய சாஃப்ட்வேர் திறந்தால்தான் திறக்கும். ரங்கராஜன் சாரின் பள்ளிக்கூடமோ அந்த வருஷம் பேட்ஜைக் கொஞ்சம் பெரிதாகக் கேட்டிருந்தது. ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம் திறந்துவிடும். எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும்.

புதிய சாஃப்ட்வேரைப் பற்றி நான் ஷாஹிதாவிடம் கேட்டேன். "சும்மாவா குடுக்குறாங்க? எதுக்குக் குடுக்குறாங்க? பிரசாதமா?"

"பிரசாதம்தான்மா. இதுல செய்முறையையும் சேர்த்துக் குடுத்துடுறாங்க. வேணும்னா நீங்களே வீட்டுல செஞ்சுக்கலாம், மாத்திக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் குடுக்கலாம்."

"அப்ப யாரு கேக்க வருவா?"

"யாரும் வரமாட்டாங்க. அதுதான் விஷயமே."

எனக்கு அதில் முதலில் அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. ஷாஹிதா போட்ட முதல் பேட்ஜைப் பார்த்ததும் இருந்த கொஞ்சமும் சுத்தமாகப் போய்விட்டது. துணி அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டு வந்தது. நடுவிலிருந்த விளக்குக்கும் சுற்றியிருந்த கரைக்கும் நடுவே விரல் நுழைகிற மாதிரி சந்து. இரண்டாவது அதைவிட மோசம். நான் வெட்டு மேசையில் நூலை நறுக்கிக்கொண்டே பார்க்கிறேன். எழுந்து போக முடியாது. ஜமால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், ஆடிட்காரர்கள் சொல்லாமல் வந்துவிட்டால் என்ன செய்வது என்று. வெளியில் ஒரு பைக் நின்றால் எனக்குக் கத்திரி நழுவும்.

ஷாஹிதா ஒரு காரியம் செய்தாள். அந்த சாஃப்ட்வேரை வைத்திருக்கிறவர்கள் எல்லாம் பேசிக்கொள்கிற இடம் ஒன்று நெட்டில் இருக்கிறதாம். அதில் சுருண்ட பேட்ஜின் போட்டோவைப் போட்டு, ஏன் இப்படி வருகிறது என்று கேட்டாள். மறுநாள் யாரோ பதில் போட்டிருந்தார்கள். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனைப் படம். நீளமாக இங்கிலீஷில் எழுதியிருந்தது, அதோடு நம் பேட்ஜ் போட்டோவின் மேலேயே சிவப்பில் அம்புக்குறிகளும் பச்சையில் புள்ளிகளும் போட்டிருந்தது. ஷாஹிதா எழுத்தை மூன்று தரம் படித்தாள். "ஒண்ணும் வெளங்கலைம்மா" என்று செல்லை என் பக்கம் நீட்டினாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது, அம்புக்குறி தெரியும். "பச்சைப் புள்ளி அடித்தையல். மேல் தையலுக்கு முன்னாடி அடியில ஒண்ணு ஓடணும், அஸ்திவாரம் மாதிரி. பழைய சாஃப்ட்வேர் அதைத் தானாப் போட்டுக்கும். இது போடாது போலருக்கு, நாம சொல்லணும். சிவப்பு, நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு வான்னு சொல்றாங்க. நீ ஓரத்துலேருந்து வர்றே."

அந்தப் பூனைப் படத்துக்காரர் இன்றைக்கு வரைக்கும் எனக்கு யாரென்று தெரியாது. என் வாத்தியார் யார் என்று யாராவது கேட்டால் அந்தப் பூனையைத்தான் சொல்வேன். இத்தனைக்கும் நம்மிடம் அவருக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை. உங்களுக்கு இந்த சாஃப்ட்வேர் உயிரை எடுக்கிறது என்றால் அங்கே போய்க் கேளுங்கள். வெட்கப்படாமல் சுருண்ட துணியைப் படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிச் சைகையிலும் செல்லிலுமாக விளக்கு மட்டும் ஒழுங்காக வந்தது. கரை வரவில்லை. ரங்கராஜன் சார் போன் மேல் போன். அந்த நேரத்தில் அவர்கள் வந்துவிட்டார்கள்.

சொன்ன நாளில், காலை பதினொரு மணிக்கு, இரண்டு பேர். ஒருவர் இளவயசு, கழுத்தில் அட்டை, முதுகில் பை. இன்னொருவர் வக்கீலம்மா, கையில் நோட்டு. நான் போலீஸ் ஜீப்பை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கி, "குடிக்கத் தண்ணி கெடைக்குமாங்க?" என்று கேட்டார்கள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்தத் தம்பி கம்ப்யூட்டரில் தன் பென் டிரைவைச் செருகி ஏதோ ஓடவிட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷாஹிதாவிடம், "நீங்கதான் டிசைனரா?" என்றார். அவள் தலையாட்டினாள். "மருதாயிங்கறது யாரு?"

ஷாஹிதா பேசுவதற்கு முன் ஜமால் முந்திக்கொண்டார். "மருதாயின்னு யாரும் இல்ல சார். கம்ப்யூட்டர் போட்டவன் வாய்க்கு வந்த பேரை அடிச்சுட்டுப் போயிட்டான். அவனும் இப்ப எங்க இருக்கான்னு தெரியாது."

நான் அங்கிருந்து பத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். என்னோடு மேசையில் நூல் வெட்டிக்கொண்டிருந்த பொம்பளைகள் பதினொரு பேர். எல்லாக் கத்திரியும் ஒரே நேரத்தில் நின்றது. மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும். ஒருத்திகூட என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்தத் தம்பியின் பென் டிரைவ் மெதுவாக ஓடியது. அவர் சும்மா நிற்க முடியாமல் ஹாலைச் சுற்றி நடந்தார். மிஷினைப் பார்த்தார். வெட்டு மேசைக்கு வந்து ஒரு பேட்ஜை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விளக்கு நன்றாக இருந்த, கரை பாழாய்ப்போன பேட்ஜ்.

"ரொம்ப வருஷமா இங்க இருக்கீங்களாம்மா?" என்றார் என்னிடம்.

"ஆமாங்க தம்பி."

"உங்க பேரு என்ன?"

ஜமால் எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்திருந்தார். நூல் வெட்டுகிறவளிடம் பேர் கேட்பார்கள் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வேறு பேர் எதுவும் வாயில் வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வந்தது. என் தங்கச்சி பேர் கனகா. நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. சொல்லியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போயிருப்பார். ஆனால் கனகா என்று சொன்னால் அந்தப் பதினொரு பேரும் என்னைக் கனகா என்று கூப்பிட வேண்டும். இன்றைக்கு மட்டும் இல்லை, ஆடிட்காரர்கள் மறுபடி வரும்போதெல்லாம். எவளாவது ஒருத்தி வாய் தவறி மருதாயிக்கா என்று கூப்பிட்டால் அவள் தலையில் விடியும். எனக்குப் பயம் என்பதற்காக இத்தனை பேரையும் தினம் பயந்துகொண்டிருக்கச் சொல்ல வேண்டும். இவ்வளவும் ஒரு நூல் அறுகிற நேரத்தில் ஓடியது.

"மருதாயி" என்றேன்.

அவர் பேட்ஜைக் கீழே வைத்தார்.

"கம்ப்யூட்டர்ல இருந்த மருதாயி நான்தான் தம்பி. அந்தப் பழைய சாஃப்ட்வேர்ல பதினோரு வருஷம் நான்தான் டிசைன் போட்டேன். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா போட்டது நான்தான். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டு வாரமாத்தான் உக்காந்திருக்கு." கத்திரியை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜமால் "சார், அவங்களுக்கு வயசாயிடுச்சு, என்ன பேசுறோம்னு…" என்று ஆரம்பித்தார். அதுவரைக்கும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற காதர் பாய், "ஜமாலு, நீ வெளிய போய் நில்லு" என்றார். அவர் மச்சானை அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. பிறகு அந்தத் தம்பியிடம் வந்தார். "அந்தம்மா பேரைப் போடச் சொன்னது நான். சாஃப்ட்வேர் திருட்டுதான்னு எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. இனிமே கேக்குறதையெல்லாம் என்கிட்ட கேளுங்க."

அப்போதுதான் அந்த வக்கீலம்மா முதல் முறையாக வாயைத் திறந்தார். "வேலை பாக்குறவங்க மேல நாங்க எதுவும் பண்றதில்லம்மா. பாரத்துல உங்க பேரு இருந்துச்சு, அதனால லெட்டர் உங்க பேருக்கு வந்துடுச்சு. பதில் சொல்ல வேண்டியது கம்பெனிதான்" என்றார். இரண்டு வாரமாக நான் செத்துப் பிழைத்ததை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய்யால் எனக்கு ஒரு காப்பும் இல்லை. நான் சொன்ன உண்மைக்கு விலை கொடுத்தது பாய். பழைய சாஃப்ட்வேரை அத்தனை வருஷம் பயன்படுத்தியதற்குப் பணம் கட்டி அவர் சமரசமாகப் போக வேண்டியிருந்தது. அதற்காக இரண்டு மிஷினில் சின்னதை விற்றார். அது வண்டியேறிப் போனதை நான் பார்க்கவில்லை, அன்றைக்கு லீவு போட்டுவிட்டேன். நான் கனகா என்று சொல்லியிருந்தால் அந்த மிஷின் மிஞ்சியிருக்குமோ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பாயிடம் கேட்டதும் இல்லை. நம் யூனிட்டில் ஏன் இந்த இலவசம் என்று கேட்டீர்களே, இதுதான். அது சுலபம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வாசலில் பைக் நின்றால் உங்களுக்குக் கத்திரி நழுவாது. யார் வந்து பேர் கேட்டாலும் சொல்லலாம். பஜாரில் ஐந்து நிமிஷத்தில் கிராக் போட்டுத் தருகிறவர் இந்தத் தைரியத்தைப் போட்டுத் தர மாட்டார்.

அன்றைக்கு ஆடிட்காரர்கள் பாயிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறிப் போனார்கள். பொம்பளைகள் ஒவ்வொருத்தியாகக் கத்திரியை எடுத்தார்கள். பாய் போய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். திட்டப்போகிறார், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"மருதாயிம்மா" என்றார் கடைசியில். "ஸ்ரீரங்கத்துக்காரர் காலையிலேருந்து நாலு தடவை போன் பண்ணிட்டாரு. அந்த பேட்ஜ் எப்ப ஆகும்?"

மடியிலிருந்த கத்திரியை மேசையில் வைத்தேன்.

"நீங்க அந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சா நாளைக்கு மத்தியானம் ஆகும் பாய்" என்றேன்.

அவர் எழுந்தார்.